பாதிக் கிணறு

சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் படங்களுக்குக் கலர் திருத்துவது என் வேலை. பனி மலையும் ஊட்டித் தோட்டமும் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டதால், சீசன் முடிந்த ஞாயிறுகளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு பழைய வீடுகளைத் தேடிக் கிளம்பிவிடுவேன். அடுத்தவர் வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கிற ஆசைதான், வேறொன்றுமில்லை. கலை ஆர்வம் என்று சொன்னால் கதவு சீக்கிரம் திறக்கிறது.

விருதுநகரில் ஒரு வீடு என்னை அப்படியே பிடித்து நிறுத்தியது. ஒரே மாடி, ஒரே வரிசை ஜன்னல். ஆனால் நட்டநடுவில் கோடு கிழித்ததுபோல் ஒரு பாதி பச்சை, மறுபாதி ரோஸ். பழைய வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, இரண்டு பக்கமும் புது வாசல் வைத்திருந்தார்கள். அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது வீட்டையும் பிரித்துவிட்டார்கள், அதிலிருந்து பேச்சுவார்த்தையே இல்லை என்று எதிர்க் கடையில் டீ குடிக்கும்போதே தெரிந்துவிட்டது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அறுத்துப் பங்கு போட்ட வீடு உள்ளே எப்படி இருக்கும்?

ரோஸ் பக்கத்தில் தம்பி மனைவி இருந்தார். தாராளமாக உள்ளே விட்டார். தேக்குத் தூண்களில் ஒன்று பாகச் சுவருக்குள் பாதி புதைந்திருந்தது. பின்னால் தோட்டம்: செம்பருத்தி, நந்தியாவட்டை, காய்த்துத் தொங்கும் மாதுளை. எல்லாவற்றையும்விட அதிசயம் கிணறு. பாகச் சுவர் அங்கே வந்து, கிணற்றின் வாய்க்குக் குறுக்கே போட்ட கல் உத்தரத்தின் மேல் ஏறிப் போயிருந்தது. ஆளுக்குப் பாதி. எட்டிப் பார்த்தேன். சுவர் மேலோடு சரி, கீழே தண்ணீர் முழு வட்டமாகக் கிடந்தது.

நான் படமெடுக்க, அவர் மாதுளையடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தலையில் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார். புருவத்தில்கூட முடியில்லை. எதையும் துருவிக் கேட்கிற எனக்கு அதைக் கேட்க வாய் வரவில்லை.

கிளம்பும்போது அவர்தான் கேட்டார். "அங்கிட்டும் எடுப்பீகளா?"

"விட்டா எடுப்பேன்."

"விடுவாக. எங்க அக்கா நல்ல மாதிரிதான்."

பச்சை வாசலில் அந்த அக்கா, அதாவது அண்ணன் மனைவி, கதவைப் பாதி திறந்து, "அங்கன போய்ட்டுத்தான வர்றீக?" என்றார். ஆமாம் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டே உள்ளே விட்டார். அறை அறையாகக் கூடவே வந்தவர், பின்கட்டுக் கிணற்றருகே வந்ததும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "அங்க எடுத்ததக் காட்டுங்க, பாப்போம்" என்றார்.

கேமராவைக் கையில் வாங்கியதும் விறைப்பெல்லாம் போய்விட்டது. "தூணுக்குப் போயி பெயிண்ட அடிச்சு வச்சிருக்காக. கூறு கெட்டவுக." அடுத்து மாதுளை வந்தது. "இது நான் வச்ச கன்னு. அவுக பாகத்துக்குப் போயிருச்சு. எம்புட்டுக் காய் பாருங்க!" சிரிக்கக்கூடச் செய்தார். பிறகு படத்தின் ஓரத்தை விரலால் தொட்டார்.

"இது யாரு?"

நான் பெரிதாக்கிக் காட்டினேன்.

வெகுநேரம் பார்த்தார். "முடி எங்க? இடுப்புக்குக் கீழ கெடக்குமே. நான்தான பின்னிவிடுவேன்."

தம்பி மனைவியின் நோய் ஊருக்கே தெரிந்திருக்கும். அந்த வீட்டுப் பேச்சை இவரிடம் எடுக்க யாருக்கும் துணிச்சல் வந்திருக்காது. ஏன்தான் காட்டினோமோ என்றிருந்தது.

கேமராவை என் கையில் திணித்துவிட்டு, அவர் நேரே கிணற்றுக்குப் போனார். கைப்பிடிச் சுவரில் வயிறு அழுந்தக் குனிந்து, தண்ணீரைப் பார்த்துக் கத்தினார்.

"ஏ தங்கச்சி! சாப்பிட்டியாடி?"

குரல் சுவருக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் போனது. அவர் நிமிரவில்லை. கொஞ்சம் கழித்து அங்கே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. மெல்ல, மிக மெல்ல, யாரோ நடந்து வந்தார்கள்.

"இன்னும் இல்லக்கா," என்றது கிணறு. "நீங்க சாப்பிட்டீகளா?"