பொருள்: கம்பளிக்கு முடி திருத்துதல் தொடர்பாக

அப்பாவுக்கு நாய் என்றால் பயம் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும் தெரியாது. எல்லோரும் என்றால் அம்மா, அப்பா, நான், கம்பளி என்கிற நாய், ஆக நான்கு பேர். என்னைத் தவிர்த்த மற்ற மூவருக்கும் அது நன்றாகத் தெரியும்.

அம்மா அரசு மருத்துவமனையில் நர்ஸ். அவளோடு வேலை பார்த்த டாக்டர் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது கொண்டுபோக முடியாமல் விட்டுச்சென்ற நாயை அம்மா ஒரு மத்தியானம் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். வெள்ளையும் பழுப்புமாகத் தரையைக் கூட்டும் அளவுக்கு முடி. படுத்திருந்தால் தலை எந்தப் பக்கம் என்று பிஸ்கட் காட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மடித்துப் போட்ட கம்பளி போல இருந்ததால் அம்மா அந்தப் பேரையே வைத்தாள்.

நாங்கள் வேங்கிக்காலில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்தோம். அப்பா கலெக்டர் ஆபீஸில் உதவியாளர். மாலையில் வந்து கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரை நிறுத்தி இரண்டு முறை ஹாரன் அடிப்பார். உடனே அம்மா கம்பளியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவாள். எனக்காகத்தான் ஹாரன் அடிக்கிறார் என்று நினைத்து நான் வாசலுக்கு ஓடுவேன். அப்பா ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே ஹாலைக் கடந்து படுக்கையறைக்குள் போவார். கலெக்டர் ஆபீஸில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் வீட்டுக்குள் நுழைவார்கள் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்கு ஏழு வயதானபோது, கீழ்பென்னாத்தூர் பக்கம் கடலைக் காட்டில், இரண்டு நாய்கள் அவரைக் கீழே தள்ளிக் குதறியிருக்கின்றன. தொப்புளைச் சுற்றி பதினாலு ஊசி. இதை அம்மா எனக்குச் சொன்னது நான் காலேஜ் போன பிறகு. அம்மாவுக்கு நாய் என்றால் உயிர் என்பதால் அவர் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையாம்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், பொங்கல் முடிந்ததும், அம்மா மூன்று மாதப் பயிற்சிக்குச் சென்னைக்குப் போனாள். போகும்போது சீப்பை என் கையில் கொடுத்து, "தெனமும் வாரிவிடணும், மறந்துடாத" என்றாள். நான்கு நாள் வாரினேன். ஐந்தாம் நாள் சீப்பு எங்கோ சிக்கி, கம்பளி உறுமியது. சீப்பை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன். அதற்குப் பிறகு எனக்குப் பரீட்சை வந்துவிட்டது.

பங்குனி வெயிலில்தான் அது எல்லோர் கண்ணிலும் பட்டது. முடி கட்டிக்கட்டியாகத் திரண்டு சடை விழுந்துவிட்டது. அக்குளில், வயிற்றில், காதுக்குப் பின்னால் எல்லாம் பழைய மெத்தைப் பஞ்சு மாதிரி இறுகிக் கிடந்தது. கம்பளி மொஸைக் தரையில் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு கிடந்தது. தொட்டால் பல்லைக் காட்டியது.

மாடியிலிருந்த வீட்டுக்காரம்மா இறங்கிவந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சடை விழுந்துடுச்சு சார். இந்த ஊர்ல சடை சும்மா விழாது. கிரிவலப் பாதையில எத்தினி சாமியாருங்க சடையோட உக்காந்துனு இருக்காங்க! கை வெச்சிடாதீங்க."

"அவங்களுக்குக் காதுக்குப் பின்னால புண்ணு வரலியேமா" என்றார் அப்பா, சற்றுத் தள்ளி நின்று.

அவர்தான் முதலில் புண்ணின் வாடையைக் கவனித்தவர். கால்நடை மருத்துவமனைக்கு ஆட்டோவில் போனோம். கம்பளி என் மடியில், அப்பா டிரைவர் பக்கத்தில். டாக்டர் கம்பளியின் நெஞ்சில் குழாயை வைத்து நீண்ட நேரம் கேட்டார்.

"முடி பூரா எடுத்தாதான் புண்ணுக்கு மருந்து போட முடியும் சார். ஆனா வயசு ஜாஸ்தி, இதயத்துல சத்தம் வருது. மயக்க ஊசி போட்டு வெட்ட எனக்கு தைரியம் இல்ல. முழிச்சினு இருக்கறப்பவே வெட்டிக்கணும். பஸ் ஸ்டாண்டுக்கு அந்தாண்ட நாய்ங்களுக்குன்னே ஒரு பார்லர் வந்திருக்கு, கேட்டுப் பாருங்க."

நாய்க்கு பார்லர் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பார்லருக்குப் போன் போட்டார். பெங்களூரில் வேலை கற்றுக்கொண்டு வந்த ஒரு அக்கா பேசினார். நான் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"கடிக்குமா சார்?"

அப்பா கம்பளியை வெகுநேரம் பார்த்தார். "கடிக்கலாம்" என்றார்.

"அப்போ நாளைக்கே வேணாம். வர்ற சனிக்கிழமைய விட்டுட்டு அடுத்த சனிக்கிழமை வாங்க. அது வரைக்கும் வீட்ல பழக்குங்க. காலு, காது, மூஞ்சி எல்லாத்தையும் தொட விடணும். மிஷின் சத்தம் கேட்டா மிரளக் கூடாது. டேபிள் மேல நிக்கணும். குளிப்பாட்டிடாதீங்க, தண்ணி பட்டா சிக்கு இன்னும் இறுகிடும். நீங்களா கத்தரியும் போடாதீங்க, முடியோட தோலும் வந்துடும்."

"யாரு பழக்கணும்?"

"யாரு வந்து தலைய புடிச்சிக்கப் போறாங்களோ அவங்கதான் சார். சின்னப் பசங்க வேணாம்."

சாயங்காலம் அம்மா போனில் அழுதாள். "நீங்க வேணாங்க. நான் லீவு போட்டுட்டு வரேன்."

"லீவு போட்டா பயிற்சி மொதல்லேந்து வரும். நான் பாத்துக்கறேன்."

"உங்களால எப்படிங்க..."

"பாத்துக்கறேன்னு சொல்றேன்ல."

ஆபீஸ் வேலை அதிகமாக இருக்கிற மனுஷனுக்கு நேரம் கிடைக்காதே என்று அம்மா வருத்தப்படுவதாக நான் நினைத்தேன்.

மறுநாள் அப்பா ஒரு பழைய டைரியை எடுத்து, முதல் பக்கத்தில் தன் உருண்டைக் கையெழுத்தில் எழுதினார். பொருள்: கம்பளிக்கு முடி திருத்துதல் தொடர்பாக. பார்வை: கால்நடை மருத்துவரின் வாய்மொழி அறிவுரை. இப்படி எழுதாமல் அவரால் எந்தக் காரியத்தையும் தொடங்க முடியாது.

பிறகு மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்தார். வெளியே வெயில் கொளுத்தியது.

"ஏம்ப்பா கோட்டு?"

"முடி ஒட்டிக்கும்மா."

முதல் நாள் முழுக்க கம்பளி ஒரு மூலையிலும் அவர் எதிர் மூலையிலும் உட்கார்ந்திருந்தார்கள். அவ்வப்போது வேகவைத்த முட்டையைப் பிய்த்து அதன் பக்கம் எறிவார். "சாப்பிடுங்க" என்பார். ஆமாம், வாங்க போங்க என்றுதான் பேசினார். என்னை வாடி போடி என்கிறவர் ஒரு நாய்க்கு அவ்வளவு மரியாதை கொடுத்தது வேடிக்கையாக இருந்தது. மேலதிகாரி அறைக்குள் கோப்போடு போகும்போதும் அதே குரலில்தான் பேசுவாராக இருக்கும்.

இரண்டாம் நாள் சாம்பார்க் கரண்டியின் காம்பால் அதன் முதுகைத் தடவினார். கம்பளி கரண்டியை மோந்து பார்த்துவிட்டுச் சும்மா இருந்தது. மூன்றாம் நாள் குழம்புக் கரண்டி, நான்காம் நாள் டீ ஸ்பூன். ஐந்தாம் நாள் ஒரே ஒரு விரல். ஒவ்வொரு நாளும் முடிந்ததும் டைரியில் ஒரு வரி எழுதினார். விரல் வைத்த அன்று எழுதியதை நான் எட்டிப் பார்த்தேன். 'தொட்டேன். அனுமதித்தது.'

மிஷின் சத்தத்துக்குத் தன்னுடைய டிரிம்மரையே எடுத்துக்கொண்டார். முதலில் படுக்கையறையில் ஓடவிட்டார். அப்போது கம்பளிக்கு ஹாலில் முட்டை போடும் பொறுப்பு எனக்கு. பிறகு கதவருகே. பிறகு ஹாலிலேயே உட்கார்ந்து, "பாருங்க, வலிக்கல, பாருங்க" என்று தன் கன்னத்தில் ஓட்டிக் காட்டினார். அந்த நேரம் தெருவில் குக்கர் ரிப்பேர்காரர் கத்திக்கொண்டு போக, கம்பளி ஒரே குரைப்பாகக் குரைத்தது. அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டதில் மீசையில் பாதி போய்விட்டது. மீதியையும் எடுத்துவிட்டு ஆபீஸுக்குப் போனார். திருப்பதி போய்வந்தீர்களா என்று கேட்டு எல்லோரும் லட்டு எதிர்பார்த்தார்களாம்.

எட்டாம் நாள் காது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். அப்பாவின் விரல்கள் மெல்ல முடிக்கட்டிக்குள் போய்ப் புண்ணுக்குப் பக்கத்தில் எங்கோ பட்டதும் கம்பளி சட்டென்று திரும்பி அவர் கையைக் கவ்வியது. ஒரு நொடிதான். பல் இறங்கவில்லை, ரத்தமும் இல்லை. உடனே விட்டுவிட்டு அதுவே பயந்து சோபாவுக்கு அடியில் ஓடிவிட்டது. அப்பா எழுந்து குளியலறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

அப்பா இனிமேல் அவ்வளவுதான், கம்பளியை எங்காவது கொடுத்துவிடுவார் என்று நினைத்து நான் அழ ஆரம்பித்தேன். சீப்பை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தது நான்தானே. கதவுக்கு வெளியே நின்று அதைச் சொல்லவும் செய்தேன். "நாந்தாம்ப்பா வாரல. எம்மேலதாம்ப்பா தப்பு."

கதவு திறந்தது. முகத்திலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றார். சட்டை முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது.

"அது மேல கோவமாப்பா?"

"கோவம்லாம் இல்லமா. அதுக்கு வலிக்குது. வாயத் தொறந்து சொல்லத் தெரியல, அவ்ளோதான்."

திரும்பி வந்து அதே இடத்தில், அதே போல உட்கார்ந்தார். மழைக்கோட்டு இல்லை. சோபாவுக்கு அடியில் கையை நீட்டி, உள்ளங்கையை மேலே காட்டி வைத்துக்கொண்டார். "வாங்க" என்றார். டிவியில் ஒரு சீரியல் முழுதாக முடிகிற வரை கை அப்படியே இருந்தது. கடைசியில் கம்பளி வந்து மூக்கை அதில் வைத்தது.

அன்று அவரைப் பார்க்க எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. எங்கப்பாவுக்கு எதுவுமே பயம் இல்லை என்று மறுநாள் வகுப்பில் சொன்னேன்.

சனிக்கிழமை காலையில் கம்பளிக்கு அரை வயிறு சாப்பாடு. தெருவில் நடக்கவிட்டு ஒன்றுக்குப் போகவைத்தோம். பிறகு அம்மாவின் காய்கறிக் கூடையில் துண்டு விரித்து அதை உட்கார வைத்து, ஸ்கூட்டரில் எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டேன். வழியெல்லாம் அது அப்பாவின் முதுகில் மூச்சு விட்டுக்கொண்டு வந்தது. அப்பா கம்பி மாதிரி விறைப்பாக உட்கார்ந்து வண்டி ஓட்டினார்.

பார்லர் அக்கா என்னைக் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நாற்காலியில் உட்கார வைத்தார். உள்ளே மேஜை மேல் கம்பளி நின்றது. அப்பா அதன் தலையை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டார். அவர் மூக்குக்கும் அதன் மூக்குக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. மிஷின் ஓட ஆரம்பித்தது. கம்பளியின் காது ஒரு முறை துடித்தது, அவ்வளவுதான். அப்பாவின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை.

ஒன்றரை மணி நேரம் அவர் நிமிரவில்லை. முடி உதிரவே இல்லை. கழற்றிப் போட்ட ஸ்வெட்டர் போல ஒரே துண்டாகச் சரிந்து மேஜையிலிருந்து தொங்கியது. காதுக்குப் பின்னால் வந்தபோது அக்கா மிஷினை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையசைத்தார். கம்பளி கண்ணை மூடிக்கொண்டு தன் தாடையின் முழுக் கனத்தையும் அவர் கையில் வைத்துவிட்டது.

வெளியே கொண்டுவந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பெரிய கண்ணும் மெலிந்த காலும் இளஞ்சிவப்புத் தோலுமாக, யாருடையதோ ஒரு குட்டி. "இது நம்ம நாயி இல்லப்பா."

"நம்ம கம்பளிதாம்மா. உள்ள இவ்ளோதான் இருந்திருக்கு."

அக்கா புண்ணில் மருந்து தடவி, அடுத்து எப்போது வரவேண்டும் என்று ஒரு அட்டையில் எழுதி என்னிடம் கொடுத்தார். "பத்து வருஷமா நாய் வளக்கறவங்க நாயிகூட என் டேபிள்ல இப்படி நின்னதில்ல. நீங்க நாய்ங்களோடவே வளந்தவரா சார்?" என்று கேட்டார். அப்பா சிரித்துவிட்டுப் பர்ஸை எடுத்தார்.

திரும்பும்போது கம்பளி கூடைக்குள் உட்கார மாட்டேன் என்றது. முடியில்லாமல் ஃபேன் காற்றிலேயே நடுங்கியது. அப்பா அதைத் தானே தூக்கி, ஸ்கூட்டரில் தன் கால்களுக்கு நடுவே நிற்கவைத்துக்கொண்டார். அது அவர் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டது.

பஸ் ஸ்டாண்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். சாலையோரம் ஒரு புங்கமர நிழலில் வண்டியை நிறுத்தி ஸ்டாண்ட் போட்டார். இறங்கி, இரண்டு கைகளாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். தோள்கள் ஏறி ஏறி இறங்கின. சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. வண்டிக் கண்ணாடியும் சேர்ந்து ஆடியது.

"என்னாச்சுப்பா?"

"ஒண்ணுமில்லமா" என்றார், நிமிராமலேயே. "வண்டி சூடாயிடுச்சு. கொஞ்சம் ஆறட்டும்."

நான் இறங்கி வண்டியைத் தொட்டுப் பார்த்தேன். சூடாகத்தான் இருந்தது. வண்டி சீக்கிரம் ஆறட்டும் என்று கீழே குந்தி உட்கார்ந்து, அக்கா கொடுத்த அட்டையால் இன்ஜினுக்கு விசிறத் தொடங்கினேன். அப்பா என்னைத் தடுக்கவில்லை. அவர் போதும் என்று சொல்லும்வரை விசிறிக்கொண்டே இருந்தேன்.