டாக்டரின் கட்டைவிரல்

அவரை நினைத்தால் முதலில் அவருடைய வலது கட்டைவிரல்தான் நினைவுக்கு வருகிறது. ஸ்டெதாஸ்கோப்பைத் தொடுவதற்கு முன்பே நோயாளியின் முழங்காலுக்குக் கீழே, எலும்பின் மேல், அந்த விரலை ஊன்றுவார். எடுத்த பிறகு அங்கே விழுந்த குழி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பார். இதயம் தளர்ந்தவர்களின் உடம்பில் நீர் தேங்கும். குழி அதைச் சொல்லிவிடும்.

2010களின் நடுவில், நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே ஒரு தனியார் மருத்துவமனையில் அவர் இருந்தார். ஆஞ்சியோ, ஸ்டென்ட் எல்லாம் செய்கிற இதய மருத்துவர்தான். ஆனால் அவர் மனம் இருந்தது மூச்சு வாங்கிக்கொண்டு வரும் வயதானவர்களிடம். அவர்களுக்குத் தேவை மாத்திரையும் உப்புக் குறைப்பும் டாக்டரின் நேரமும். மருத்துவமனைக்கு அதில் வருமானமில்லை.

பெரியம்மாவை அவரிடம் அழைத்துப்போனது நான். நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்டில் கூட்டிப் பெருக்கியவர். பக்கத்திலிருந்த வடக்குத்து கிராமத்தில் தனியாக இருந்தார். நீர் பிரிவதற்குக் காலையில் போட ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார் டாக்டர். வீக்கம் வடியவில்லை. அளவைக் கூட்டினார். அப்போதும் வடியவில்லை. கருவாடு தின்கிறீர்கள், ஊறுகாய் தின்கிறீர்கள் என்று ஒவ்வொரு முறையும் திட்டினார். பெரியம்மா தலையாட்டிக்கொண்டே இருந்தார். ஒருநாள் டாக்டர் குரலை உயர்த்தியபோதுதான் பெரியம்மா வாயைத் திறந்தார்.

"கருவாட்ட வுட்டு எம்மா நாளாச்சி. நீங்க குடுத்த மாத்திரயத்தாங்க போடல. போட்டா பொழுதுக்கும் வருது. எங்க போயி குந்தறது? முன்ன முந்திரித் தோப்பு இருந்திச்சி. இப்ப சுத்தியும் வூடு கட்டிட்டாங்க. இருட்டறமுட்டும் அடக்கிக்கினு கெடக்கணும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இத்தனை வருஷமா எல்லார்கிட்டயும் உப்பைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றார், யாரிடம் என்றில்லாமல். மாத்திரையை மாலைக்கு மாற்றினால், மூச்சு வாங்குகிறவர் ராத்திரி முழுக்க வெளியே எழுந்து போகவேண்டும். அதையும் யோசித்துவிட்டு ஓர் ஏற்பாடு சொன்னார். காலையில் இங்கே வந்துவிடுங்கள். காத்திருக்கும் கூடத்தில் உட்கார்ந்து மாத்திரையைப் போடுங்கள். கழிப்பறை பக்கத்திலேயே இருக்கிறது. மதியம் வீட்டுக்குப் போங்கள்.

பெரியம்மா போனார். சில வாரங்களில் கால் வடிந்து செருப்பு தளர்ந்தது. அதைப் பார்த்து அதே தெருவிலிருந்து இன்னும் சில பெண்கள் வந்தார்கள். மைன்ஸில் பகல்நேர வேலைக்குச் சொல்வதுபோல, தங்களுக்கு ஜெனரல் ஷிப்ட் என்று அவர்களே பேர் வைத்துக்கொண்டார்கள். அந்த வழியாக டாக்டர் போகும்போது பெரியம்மா கேட்டார்: "இங்கயாச்சும் எங்கள பர்மனென்ட் பண்ணுவீங்களா சார்?" பண்ணியாயிற்று என்று டாக்டர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. கூடத்தில் நாற்றம் வருகிறது என்று யாரோ புகார் சொன்னதாக நிர்வாகம் கழிப்பறையைப் பூட்டியது. சாவி உள்நோயாளிகளின் வீட்டாருக்கு மட்டும். டாக்டர் சண்டை போட்டார். "இது ஆஸ்பத்திரி சார், சத்திரம் இல்ல" என்றார் மேனேஜர். ஒப்பந்தம் முடிந்தபோது டாக்டருக்கு நீட்டிப்பு தரவில்லை. அவர் சென்னைக்குப் போனார். அந்த வகையில் அவரும் கான்ட்ராக்ட்தான்.

பெரியம்மா மறுபடி மாத்திரையை நிறுத்திவிட்டார். என் வாடகை வீட்டுக்குக் கூப்பிட்டேன்; மாடிப்படி ஏறமாட்டேன் என்றார். ஒருநாள் நான் போனபோது தன் காலில் தானே கட்டைவிரலை ஊன்றி எடுத்து, மறையாமல் நின்ற குழியைக் காட்டினார். "டாக்டரு போயிட்டாரு. அவரு வெச்ச வெரலு போவல பாரு." மழைக்காலம் முடிவதற்குள் இறந்துபோனார். டாக்டருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

சில ஆண்டுகள் கழித்துச் சென்னையில் ஒரு மருத்துவக் கருத்தரங்குக்கு, பத்திரிகை நிருபராக, செய்தி எடுக்கப் போனேன். முதியோர் இதயத் தளர்ச்சி பற்றிப் பேசியவர் அவர்தான். முடி நரைத்திருந்தது. நோயாளியிடம் உப்பைக் கேட்பதற்கு முன்னால், கழிப்பறை எங்கே இருக்கிறது என்று கேளுங்கள் என்றார். குளிரூட்டிய அரங்கு சிரித்தது. நகைச்சுவை என்று நினைத்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு அடங்கும்வரை அவர் கீழே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையிலிருந்த ரிமோட்டை அந்தக் கட்டைவிரலால் அழுத்தினார். திரையில் அடுத்த படம் வந்தது.