ஏழு நிமிடக் கடிதம்

கனகசபை அண்ணை போய்விட்டார் என்ற செய்தி எங்கள் ஊரான மடத்துவெளியின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. மாலை போட்ட படம், அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பும் எமோஜிகள். போன மாதம் இதே விரல்கள்தான் அவருடைய குரலுக்கு விழுந்து விழுந்து சிரிக்கிற எமோஜிகளைப் போட்டன.

முன்பு தெற்கே காலி நகரத்தில் அவருடைய கடையும் எங்கள் கடையும் எதிரெதிரே இருந்தன. ஞாயிறு மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஊருக்குக் கடிதம் எழுதுவார். சுகம், கோயில், மழை, மாடு எல்லாம் முடிந்து கடைசிப் பந்தியில்தான் சொல்ல வந்த விஷயம் இருக்கும்.

கடையை விட்டு ஊருக்கு வந்து தனியாக இருந்தவருக்கு மகன் கனடாவிலிருந்து போன் அனுப்பினான்; அதற்குப் பிறகும் அவர் மாறவில்லை. குரல் பதிவு செய்வதென்றால் கதிரையை மேசையோடு இழுத்துப் போட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொள்வார். பேசுவதற்கு எதற்குக் கண்ணாடி? "மடத்துவெளி, வெள்ளிக்கிழமை. நான் நல்ல சுகம். உங்கடை சுகத்தையும் அறிய ஆவல்" என்று தொடங்குவார். அந்தத் துண்டை ஒரு வீரர் வெட்டியெடுத்துக் குழுவில் போட்டார். பெயர் சொல்லமாட்டேன், அவருக்குத் தெரியும். சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

ஒருமுறை நேரில் போனபோது சினந்தே சொன்னேன். "அண்ணை, விஷயத்தை முதல்லை சொல்லுங்கோ. இவ்வளவும் கேக்க ஒருத்தருக்கும் பொறுமையில்லை."

"அதெப்பிடி ஐசே? கடிதம் வந்தால் ஊரிலை மனிசி பயந்து பயந்தெல்லோ உறையைப் பிரிக்கும். ஆள் உயிரோடை இருக்கிறான் எண்டு முதல் தெரியவேணும். பிறகுதான் மற்றதுகள்."

"இதிலை உறை இல்லையே அண்ணை."

"பயம் இருக்குத்தானே" என்றார்.

அவர் சாவதற்கு முதல்நாள் மத்தியானம் எனக்கு ஒரு பதிவு வந்தது. ஏழு நிமிடம். யாழ்ப்பாணத்தில் என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "நான் நல்ல சுகம்" என்றார். மழைக்கதை தொடங்கியதும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சோற்றுக்கு மீன்குழம்பை ஊற்றினேன்.

செத்தவீட்டில், "ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் ஓடி வந்திருப்பனே" என்று நாலு பேரிடம் சொன்னேன். எல்லோரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் அந்தப் பதிவைக் கடைசிவரை கேட்டேன். மழை, மாடு, கோயில் எல்லாம் முடிந்து கடைசிப் பந்தி வந்தது.

"காலமையிலையிருந்து நெஞ்சு நோகுது. இடதுகை விறைக்குது. எழும்ப ஏலாமல் கிடக்கு. ஒரு வாகனம் பிடிச்சுக்கொண்டு வாரும். வேறை விசேஷம் இல்லை. இப்படிக்கு, அன்புள்ள கனகசபை."

சீ! நானும் ஒரு மனிதன்!

குழுவில் உள்ளவர்களே, கைகூப்பியது போதும். அவருடைய கடிதம் பிழையில்லை. பிரித்து வாசிக்கத்தான் ஆளில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஏழு நிமிடம். இப்போது யார் பதிவு அனுப்பினாலும் கடைசிவரை கேட்கிறேன். வெட்கங்கெட்டவன், கேட்கப் பழகிவிட்டேன்.