அக்காவின் அறைக் கதவு

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுதச் சொன்னார்கள். அக்காவைப் பற்றி எழுதினால் என் பொறாமையையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

கீழ்பென்னாத்தூரில், விவசாயக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தவர் அக்கா. மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டே படித்து, வேங்கிக்காலில் அரசு வேலைக்குப் போனார். சாமி கும்பிட மாட்டார். ஆனால் பௌர்ணமிதோறும் அடி அண்ணாமலையில் நின்று, மலை சுற்றுகிறவர்களுக்கு மோர் ஊற்றுவார்.

உடன் வேலை பார்த்தவரோடு, தாலியும் சடங்கும் இல்லாமல் ஒரே வீட்டில் வாழ்ந்தார். அப்பா அந்த வாசலை மிதிக்கவே இல்லை. பொங்கலுக்குத் தாய்வீட்டுச் சீர் எனக்கு மட்டும்தான் வரும். "யாரையும் ஏமாத்தக் கூடாது, கட்டாயப்படுத்தக் கூடாது. வேற என்ன ஒழுக்கம் வேணும்?" என்பார் அக்கா. சீர் வாங்கியும் எனக்குத்தான் வயிறு எரிந்தது.

எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து பத்து நாள் அக்கா வீட்டில் தங்கினேன். அக்காவின் அறை திறந்தே கிடந்தாலும், அக்காவின் துணைவர் கதவைத் தட்டி, "வரலாமா?" என்று கேட்டுத்தான் நுழைவார். ஒருநாள் அக்கா, "இன்னிக்கு வேணாங்க, தனியா இருக்கணும்" என்றார். "சரிம்மா" என்று அவர் கூடத்தில் பாய் விரித்துக்கொண்டார். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை.

"சொந்த வீட்ல எதுக்குக்கா கதவு தட்டுறாரு?" என்றேன்.

"வீடு அவருக்கும் சொந்தம். என் உடம்பு எனக்குத்தான்டி சொந்தம்."

இருபத்தேழு வருடக் குடித்தனத்தில் என்னை யாரும் கேட்டதில்லை. வேண்டாம் என்று சொல்லலாம் என்பதே எனக்குத் தெரியாது. இதை என் வீட்டுக்காரரும் படிப்பார், படிக்கட்டும். அந்தப் பொறாமையில்தான் அக்காவின் துணைவரை, அக்கா போகும்வரை 'சார்' என்றே கூப்பிட்டேன். என் மகள் கல்யாணத்துக்கு அக்காவை மட்டும் அழைத்தேன். அக்கா வரவில்லை.

புற்றுநோயில் எட்டு மாதம் படுத்திருந்த அக்காவை அவரே பார்த்துக்கொண்டார். அக்கா போன அன்று காலையில், உடலுக்குப் போர்த்தும் கோடிப் புடவை பற்றிப் பேச்சு வந்தபோது எங்கள் பெரியப்பா, "தாலி கட்டாதவரு எப்படி கோடி போடுவாரு? பொறந்த வீட்டுக் கோடி போதும்" என்றார். அறைக்குள் பிறந்த வீட்டுக்காரர்கள் நாங்கள் மட்டும் நின்றோம். எனக்குக் கிடைக்கப்போகும் புருஷன் வீட்டுக் கோடி அக்காவுக்கு இல்லை என்று உள்ளுக்குள் ஒரு திருப்தி. அக்காவின் தலைமாட்டில் நின்றுகொண்டுதான் அப்படி நினைத்தேன்.

அப்போது திறந்திருந்த கதவை அவர் தட்டினார். கையில் புதுப்புடவை. அக்காவைப் பார்த்து, "வரலாமா?" என்றார்.

பெரியப்பா என்னைப் பார்த்தார். "உள்ள வாங்க மாமா" என்றேன். "நீங்களே போடுங்க."

துக்கத்தில் துணை நின்ற உறவினர்களுக்கும், தோள் கொடுத்த வேங்கிக்கால் தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மாமா, வரும் பொங்கலுக்குத் தாய்வீட்டுச் சீரோடு உங்கள் வீட்டுக்கு வருகிறேன். கதவைத் தட்டிவிட்டுத்தான் நுழைவேன்.