பூசைக்கு முன் ஒரு பிஸ்கற்

பேசாலையில் பெற்றிசியாவைப் பற்றி இரண்டு கதை உண்டு. பிள்ளைகளை மயக்குவதில் அவளுக்கு நிகர் ஆள் இல்லை என்பது ஒன்று. வயிற்றை அடக்கத் தெரியாதவள் என்பது மற்றது. முதலாவது உண்மை. இரண்டாவதை அவளே பாடுபட்டுப் பரப்பினாள்.

ஞாயிறு விடிந்தால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அவள் குசினியில் நிற்பார்கள். அடுப்பு வேண்டாம், கத்தி வேண்டாம். மாரி பிஸ்கற்றின்மேல் ரின்பால் என்கிற இனிப்புக் கட்டிப்பாலைப் பூசி, தேங்காய்ப்பூவைத் தலைமயிராக ஒட்டி, முந்திரிகை வத்தல் இரண்டைக் கண்ணாக அமுக்கினால் ஒரு முகம் வந்துவிடும். பிறகு அது யாருடைய முகம் என்ற சண்டை தொடங்கும். மறைக்கல்வி படிப்பிக்கிற சிஸ்டரின் முகத்துக்கு முதல்நாள் இடியப்பத்தில் ஓர் இழையை எடுத்து மூக்குக்கண்ணாடி போடுவார்கள். சிஸ்டரைத் தின்பதற்குத்தான் போட்டி அதிகம்.

ஆனால் பூசை முடியும்வரை ஒருவரும் வாயில் வைக்க மாட்டார்கள். நன்மை, அதாவது பூசையில் தருகிற நற்கருணை அப்பம், எடுக்கிறவர் அதற்கு ஒரு மணித்தியாலம் முன்பிருந்தே ஒன்றும் சாப்பிடக்கூடாது என்பது அந்த ஊரில் பால்குடிக்கும் தெரியும். பெற்றிசியா மட்டும் கோவில் மணி அடிக்கிற நேரம் பார்த்து, நாலுபேர் காணும்படி வாசலில் நின்று ஒரு முகத்தை முழுசாக வாயில் போடுவாள். "மறந்துபோய்த் திண்டிட்டன்" என்பாள். நன்மை நேரத்தில் எல்லோரும் வரிசையாக எழும்ப, அவள் கடைசி வாங்குப் பலகையில் இருந்தபடி முக்காட்டைச் சரிசெய்வாள். பத்து வருசமாக ஒவ்வொரு ஞாயிறும் மறப்பதற்கு எவ்வளவு ஞாபகம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

காரணம் பெரியவர்களுக்குத் தெரியும். யுத்தம் மூண்ட தொண்ணூறாம் ஆண்டு அவளுடைய புருசன் யோசேப், இந்தியாவில் ஓர் இடம் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று வள்ளம் ஏறினான். அந்த வள்ளம் அக்கரைக்கும் போகவில்லை, இக்கரைக்கும் திரும்பவில்லை. கடிதம் இல்லை, உடலும் இல்லை. மூன்று வருசம் காத்திருந்தாள். பிறகு, மனைவியை நோய்க்குப் பறிகொடுத்திருந்த சிங்கராசாவோடு வாழத் தொடங்கினாள். நல்ல மனிதன், அதிகம் பேசாதவன். எடித் பிறந்தாள். கோவிலில் தாலி கட்ட வழி இல்லை, யோசேப் இறந்துவிட்டான் என்பதற்குச் சாட்சி வேண்டும். தாலி ஏறாமல் நன்மையும் இல்லை. பங்குத்தந்தை கெட்டவர் அல்ல. "ஒரு சாட்சி போதும் பிள்ளை" என்று அவளைக் காணுந்தோறும் இரக்கத்தோடுதான் சொல்வார். அந்த இரக்கமும் அவளைக் குத்தியது.

ஆகவே பிஸ்கற். ஊர் அவளைப் பாவி என்று பார்ப்பதைவிடத் தின்னி என்று சிரிப்பது மேல். ஊரும் அந்த நாடகத்துக்கு ஒத்துழைத்தது என்றுதான் சொல்லவேண்டும். எடித் அதை முழுசாக நம்பினாள்.

எடித்துக்கு ஒன்பது வயது நடந்த வருசம் சிஸ்டர் புது ஒழுங்கு ஒன்று கொண்டுவந்தார். முதல் நன்மை எடுக்கிற பிள்ளையின் இரண்டு பக்கமும் தாயும் தகப்பனும் வந்து, மூன்று பேரும் சேர்ந்து நன்மை எடுக்கவேண்டும். அதுவரை சிங்கராசாவுக்குக் கவலை இருக்கவில்லை. அவன் மற்ற ஆண்களோடு வெளியில் வேம்புக்குக் கீழே நின்றே பூசை கண்டவன்.

எடித் வீட்டுக்கு ஓடிவந்து தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, அண்டைக்கு ஒருநாள் மட்டும் வாயைக் கட்டிக்கொண்டு இருங்கோ. நான் பக்கத்தில நிண்டு பாத்துக்கொள்ளுறன்."

"ஓமடி" என்றாள் பெற்றிசியா. வேறு என்ன சொல்வாள்? தான் கட்டிய கூட்டுக்குள் தானே அகப்பட்டுக்கொண்டாள். போய் நன்மை எடுத்தால் கடவுளுக்கும் ஊருக்கும் முன்னால் களவு. போகாவிட்டால் பிள்ளை நடுவில் தனியாக நிற்கும், ஏன் என்று கேட்கும்.

சிங்கராசாவின் மச்சான் அருட்பிரகாசம் முன்பே ஒரு வழி சொல்லியிருந்தான். அந்த நாட்களில் கடலில் நின்றவன் அவன். யோசேப்பின் உடலைக் கண்டதாகப் பங்குத்தந்தையின் கந்தோரில் சத்தியம் பண்ணத் தயார். சிங்கராசா அவனைக் கூட்டிவந்து கதிரையில் இருத்தினான்.

"ஆருக்கு நட்டம், பெற்றி?" என்றான் சிங்கராசா. "பிள்ளைக்காகத்தானே."

அருட்பிரகாசம் ஒத்திகை பார்ப்பதுபோலச் சொல்லத் தொடங்கினான். இரண்டாம் நாள், மணல்திட்டுக்கு அருகே, முகம் கடல் பக்கம், நீலச் சாரம். அவள் கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். நீலச் சாரம் என்றதும் தலையை நிமிர்த்தினாள்.

"அவர் காற்சட்டை போட்டெல்லோ போனவர்" என்றாள். "நான்தான் தோய்ச்சுக் குடுத்தனான்."

"அப்ப காற்சட்டை எண்டு சொல்லுறன்."

அதோடு அந்த வழி அடைபட்டது. யோசேப் இருக்கிறானா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று சொல்லி ஒரு மனிதனைக் கடலில் போட அவளால் முடியவில்லை. சிங்கராசா கோபிக்கவில்லை. வலையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

சனிக்கிழமை ஒத்திகைக்குப் போன எடித் தனியே திரும்பி வந்தாள். கூடப் படிக்கிற, மாக்கிறட்டின் மகளோடு ஏதோ வாய்த்தர்க்கமாம். வெள்ளைச் சட்டை தோளில் இறுக்குகிறது என்று மட்டும் சொன்னாள். பெற்றிசியா இரண்டு தையலைப் பிரித்துவிட்டாள். அன்றைக்கே உண்மையைச் சொல்லிவிட நினைத்து மூன்று முறை "பிள்ளை" என்று கூப்பிட்டாள். மூன்று முறையும் "என்னம்மா" என்று அவள் நிமிர்ந்து பார்த்த முகத்துக்கு முன்னால் சொல் வரவில்லை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். சாப்பிடாமல் போவேன், பிள்ளையோடு நன்மைக்கு நாக்கை நீட்டுவேன், பிறகு ஆண்டவர் என்னை என்ன செய்தாலும் செய்யட்டும்.

ஞாயிறு காலை குசினிப் பக்கம் போகாமலே சேலை உடுத்தினாள். முதல் மணி அடித்தது. சிங்கராசா புதுச் சேர்ட்டின் கழுத்துத் தெறியைப் பூட்டத் தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்தான். அப்போது எடித் குசினியிலிருந்து வந்தாள். வெள்ளைச் சட்டை, வெள்ளை முக்காடு, கையில் ஒரு பீங்கான், அதில் பிஸ்கற். விரலில் ஒட்டிய ரின்பாலை நக்காமல் கவனமாகத் துணியில் துடைத்தாள். அவள் இன்று ஒன்றும் வாயில் வைக்கக்கூடாதல்லவா.

"அம்மா, சாப்பிடுங்கோ."

"நீதானே சாப்பிடவேண்டாம் எண்டனீ?"

"ஓம். இப்ப சாப்பிடுங்கோ." பிள்ளை தாயின் முகத்தைப் பார்க்காமல் பீங்கானைப் பார்த்தே பேசினாள். "ஆரும் கேட்டால் நான்தான் மறந்துபோய்த் தந்தனான் எண்டு சொல்லுறன்."

பெற்றிசியாவுக்கு எல்லாம் விளங்கியது. உன்ர அம்மாவும் அப்பாவும் கோவில்ல தாலி கட்டேல்ல, அவைக்கு நன்மை குடுக்காயினம் என்று மாக்கிறட்டின் மகள் சொல்லியிருப்பாள் என்பதும், இரவெல்லாம் இந்தப் பிள்ளை என்ன யோசித்துக்கொண்டு கிடந்திருக்கும் என்பதும் விளங்கியது. ஏனம்மா மறைத்தாய் என்று கத்தியிருந்தால், அழுதிருந்தால், அவள் தாங்கியிருப்பாள். முதல் நன்மை எடுக்கப்போகிற வாயால் தனக்காக ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு வந்து நிற்கிறதே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

எடித் பிஸ்கற்றை எடுத்து நீட்டினாள். பெற்றிசியா வாயைத் திறந்தாள். மென்றாள். ஒரு மிடறு தண்ணீர் குடித்து விழுங்கினாள்.

பீங்கானில் இன்னொன்று இருந்தது. எடித் அதைத் தகப்பனிடம் கொண்டுபோனாள். சிங்கராசா மனைவியைப் பார்த்தான். பிறகு குனிந்து, மகளின் கையிலிருந்தே வாங்கித் தின்றான். இரண்டு பேரும் விழுங்கும்வரை எடித் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரி, வாங்கோ" என்றாள். "ரெண்டாம் மணி அடிக்கப்போகுது."