சட்டையைத் திருப்பிப் போட்ட சிறுமி

போன ஆண்டு சாரல் காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை குற்றாலம் ஐந்தருவியில் நடந்தது இது. தென்காசியில் காலை நடைக்குப் போகிற நாங்கள் சிலர் ஒரு குழுவாக இருக்கிறோம். பக்கத்தில் உள்ள இலங்கைத் தமிழர் முகாமில் தாய் தகப்பன் உடன் இல்லாமல், உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைகளை அருவிக் குளியலுக்கு அழைத்துப் போனோம். எதைக் கண்டாலும் எண்ணிப் பார்ப்பது என் சுபாவம். அதனால் பிள்ளைகளின் தலையை எண்ணும் வேலை என்னிடம் வந்தது. மொத்தம் இருபத்துநான்கு பேர்.

எங்கள் குழுச் செயலாளர் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். எல்லாருக்கும் மஞ்சள் டீ-சர்ட் அடித்துக் கொண்டுவந்தார். பிள்ளைகள் பஸ்ஸில் ஏறும்போதுதான் முதுகில் இருந்ததைப் படித்தேன். 'பெற்றோரைப் பிரிந்து தவிக்கும் அகதிக் குழந்தைகள்.' அதன்கீழே, இன்னும் பெரிய எழுத்தில், எங்கள் குழுவின் பெயர். இது எதற்கு என்று கேட்டேன்.

"கூட்டத்துல தொலைஞ்சிரக் கூடாதுல்லா" என்றார்.

தொலையாமல் இருக்க மஞ்சள் நிறம் போதாதா? குளித்து முடித்ததும் குழுப்படம் எடுத்து முகநூலில் போடுவதாகவும், முகாமில் எல்லாருக்கும் அனுப்புவதாகவும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

குளித்து வந்தவர்களை எண்ணினேன். இருபத்துமூன்று. திரும்ப எண்ணினேன், அதேதான். அருவியில் தண்ணீர் வேறு பலமாக விழுந்துகொண்டிருந்தது. குறைந்தது ஒரு சிறுமி. பெண்கள் குளிக்கும் பக்கம் காவலுக்கு நின்ற பெண் போலீஸிடம் சொல்லிவிட்டு, கடைகளின் பக்கம் தேடி ஓடினேன்.

சிப்ஸ் கடை ஓரத்தில், மதுரையிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தோடு நின்று சிப்ஸ் தின்றுகொண்டிருந்தாள் எங்கள் சிறுமி. பதினொரு வயது இருக்கும். எழுத்து தெரியாதபடி சட்டையின் உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டிருந்தாள்.

"இவ அம்மா குளிச்சுக்கிட்டு இருக்காங்களாம். வர்ற வரைக்கும் நிக்கிறோம்" என்றார் அந்தக் குடும்பத்துப் பெண். அவள் சொன்ன பொய்யை நான் உடைக்கவில்லை. நன்றி சொல்லிக் கூட்டிவந்தேன்.

"ஏன் தாயி இப்படிச் செஞ்சே?"

"நான் தவிக்கேல்ல தாத்தா" என்றாள் தலையைக் குனிந்தபடி. "அம்மா ஊருக்கு, மன்னாருக்குப் பிறப்புப் பத்திரம் எடுக்கப் போனவா. இஞ்ச திரும்பி வர விடுறாங்க இல்ல. வெள்ளிக்கிழமையில போன்ல கதைப்பா. இந்தப் படத்தப் பாத்தா அழுவா."

அதற்குள் செயலாளர் போனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "ஏட்டி, சட்டைய ஒழுங்கா மாத்திப் போட்டுட்டு முன்னால வந்து நில்லு."

அவள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இவ நிக்க மாட்டா" என்றேன்.

"ஓய், ஒம்மள எண்ணத்தானே சொன்னோம்? எண்ணியாச்சுல்லா, ஓரமா இரும். இவ்வளவு பாடுபட்டுக் கூட்டிட்டு வந்திருக்கோம், நாலு பேரு பாக்க வேண்டாமா?"

அவருடைய மகனும் மருமகளும் துபாயில் வேலை பார்க்கிறார்கள். பேரன் இவர் வீட்டில்தான் வளர்கிறான். அன்று அவனும் வந்திருந்தான், நல்ல கிரிக்கெட் பனியன் போட்டுக்கொண்டு.

"அண்ணாச்சி, ஒம்ம பேரனும் அப்பன் ஆத்தாளப் பிரிஞ்சுதான இருக்கான்? அவன் முதுகுல என்ன எழுதியிருக்கீரு?"

"அவங்க வேலைக்குல்லா போயிருக்காங்க."

"இவ அம்மாவும் ஒரு வேலையாத்தான் போயிருக்கா."

அவர் முகம் சிவந்துவிட்டது. பேரனை ஒரு தரம் பார்த்தார். அதற்குமேல் எங்களை வற்புறுத்தவில்லை. மற்ற பிள்ளைகளைத் திரும்பி நிற்கச் சொல்லி முதுகை ஒரு படம், முகத்தை ஒரு படம் எடுத்தார். நாங்கள் இருவரும் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டோம்.

சாயங்காலமே இரண்டு படங்களும் என் போனுக்கு வந்தன. கீழே குழுக்காரர்கள் வரிசையாகக் கும்பிடும் கைப் படம் போட்டிருந்தார்கள். முகநூலிலிருந்து அவற்றை எடுத்துவிடச் சொல்லிச் செயலாளரிடம் கெஞ்சிப் பார்த்தேன், சண்டையும் போட்டேன். பலனில்லை. அந்தக் குழுவோடு நடக்கப் போவதை நான் நிறுத்திவிட்டேன். என் கையைப் பிடித்த ஒருத்தி தப்பினாள். பிடிக்கத் தோன்றாத மற்றப் பிள்ளைகளின் தாய்மார் எங்கெங்கே இருந்து அந்தப் படத்தைப் பார்த்தார்களோ. ஒரு நாள் குளியலுக்குப் பதிலாக அந்தப் பிள்ளைகளின் முகத்தை வாங்கிக்கொண்டோம் என்கிற ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற ஆசையும் இல்லை.