மாமா இல்லாத மடி

என் காதில் கம்மல் ஏற ஒன்பது வயது வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. காரணம் ஒலிம்பிக். இதைச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. தீப்பெட்டி ஆபீசில் சொல்லிப் பார்த்தேன், திருப்பூரில் பனியன் பிசிர் வெட்டப் போன இடத்தில் சொல்லிப் பார்த்தேன், கேரளத்தில் இறால் உரித்துக்கொண்டும் சொன்னேன். எட்டாம் வகுப்போடு பையைத் தூக்கி எறிந்தவள் பேச்சுக்கு என்ன மதிப்பு? "ஒங்க மாமா ஓட்டப்பந்தயமா?" என்பார்கள். இல்லை, படகு என்பேன். "கோவில்பட்டிப் பக்கம் ஏது தண்ணி?" என்பார்கள். அதோடு அவர்கள் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். எனக்குத்தான் எரிச்சல் அடங்க ஒரு மணி நேரமாகும்.

மாமா என் அம்மாவுக்கு ஒரே தம்பி. நாகலாபுரத்தில் பிறந்தவர். பதினெட்டு வயது வரை அவர் பார்த்த பெரிய தண்ணீர், மழை பெய்த வருடம் கண்மாயில் ரெண்டு மாதம் கலங்கிக் கிடக்கும் தண்ணீர்தான். ராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது ஓடிச் சேர்ந்தார். அங்கே ஓர் அதிகாரி இவருடைய உயரத்தையும் தொடையையும் பார்த்துவிட்டு, இவனைப் படகில் போடு என்றாராம். ஈரக் கரிசலில் காலுக்கு ஒரு படி மண் ஒட்ட ஒட்ட நடந்து வளர்ந்த தொடை அது. வேறு தகுதி எதுவும் அவருக்கு அப்போது இல்லை. நீச்சலையே அதற்குப் பிறகுதான் கற்றுக்கொண்டார்.

அந்தப் படகில் என்ஜின் கிடையாது. துடுப்பும் கிடையாது. ஒரு பாய், ஓர் ஆள். காற்று பாயைத் தள்ளும்போது படகு ஒரு பக்கம் சாயும். ஓட்டுகிறவர் உள்ளே ஒரு பட்டையில் காலை மாட்டிக்கொண்டு, உடம்பு முழுவதையும் மறுபக்கம் தண்ணீருக்கு மேலே மல்லாத்தித் தொங்கவிட்டு அதை நிமிர்த்த வேண்டும். லீவில் வந்தால் எங்கள் வீட்டுக் கட்டிலில் காலை மாட்டி அப்படித் தொங்கிக்கொண்டே கிடப்பார். வாசலில் போகிற ஆட்கள் எட்டிப் பார்த்து, "தம்பிக்கு இடுப்பு பிடிச்சிட்டா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். இதை வைத்துத்தான் அவர் பல வருடம் நாட்டிலேயே முதல் ஆளாக இருந்தார்.

பிரச்சினை என் காது. எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். அதையும் ஒற்றைப்படை வயதில்தான் குத்துவார்கள். ஒன்று தவறினால் மூன்று, மூன்று தவறினால் ஐந்து. மாமா ஒரு பந்தயத்துக்குப் போனால் என் காது இரண்டு வருடம் தள்ளிப் போகும். என் ஒரு வயதில் தேசியப் போட்டி. மூன்று வயதில் ஆசிய விளையாட்டு. ஐந்தில் ஒலிம்பிக். ஏழில் மறுபடியும் ஆசிய விளையாட்டு, அதில் தங்கம். பேப்பரில் தீப்பெட்டி அளவுக்குப் படம் போட்டார்கள். எனக்கோ பள்ளிக்கூடத்தில் மூளிக்காது என்று பெயர் வந்துவிட்டது.

ஒன்பது வயது நடந்துகொண்டிருந்தபோது அம்மா மாமாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பதினொன்று வரை போட்டுவைத்தால் பிள்ளை பெரியவளாகி நிற்பாள், அப்புறம் ஊர் சிரிக்கும் என்று அவளுக்குப் பயம். மாமாவும் ஆவணியில் வந்துவிடுகிறேன் என்றார். அந்த மாதம் ஐதராபாத்தில் ஓர் ஏரியில் தேர்வுப் பந்தயம் இருந்தது. அடுத்த ஒலிம்பிக்குக்கான தகுதிப் போட்டிக்கு ஒரே ஓர் ஆளை அனுப்புவார்கள். அது மாமாவா, அவரைவிடச் சின்னப் பையன் ஒருத்தனா என்று அங்கே முடிவாகும். திங்கட்கிழமை பந்தயம் முடிகிறது, வெள்ளிக்கிழமை காது குத்து. கணக்காகத்தான் நாள் குறித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை போன் வந்தது. காற்று இல்லாததால் கடைசிப் பந்தயம் நடக்கவில்லையாம். புதனும் அதே பதில். வியாழக்கிழமை அப்பா போனை வாங்கினார்.

"என்ன மாப்ளே, காத்து இல்லையா? இங்கன பந்தல் போட்ட தகரம் பக்கத்துப் புஞ்சையில கெடக்கு. ஆவணிக் காத்து வேட்டிய அவுக்குது. பார்சல் போட்டு அனுப்பவா?"

மாமா என்ன சொன்னாரோ, அப்பா சிரிக்கவில்லை. போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, "ஒந்தம்பி காத்துக்கு உக்காந்திருக்கான், நாம அவனுக்கு உக்காந்திருக்கோம்" என்று வெளியே போய்விட்டார்.

தள்ளிப்போட வழியில்லை. ஆடு வாங்கியாயிற்று, ஆட்களுக்குச் சொல்லியாயிற்று. அப்போதுதான் அத்தை, அப்பாவின் அக்கா, அந்த யோசனையைச் சொன்னாள்.

"அந்தக் காலத்துல ஜமீன்ல மாப்பிள்ளைக்கு வரத் தோதில்லன்னா அவரு வாள வச்சுத் தாலி கட்டுவாவளாம். மாமங்காரன் சாமான் ஒண்ண வச்சுக் காது குத்துனா என்ன? அவிய சாமான் ஏதும் இருக்கா மதினி?"

இருந்தது. ஒலிம்பிக் முடிந்து வந்தபோது மாமா விட்டுப்போன மிதவைச் சட்டை. படகிலிருந்து விழுந்தாலும் ஆள் முங்காமல் இருக்கப் போட்டுக்கொள்வது. ஆரஞ்சு நிறத்தில், உள்ளே கட்டி கட்டியாக எதையோ வைத்துத் தைத்தது. அம்மா அதைத் துவைத்து ஆணியில் மாட்டியிருந்தாள். அதை எடுத்து மஞ்சள் தெளித்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நாலு தடவை மாமா வரவில்லை. ஐந்தாவது தடவை சட்டை வருகிறது.

வெள்ளிக்கிழமை விளாத்திகுளம் பக்கம் காட்டுக்குள் இருக்கும் எங்கள் குலசாமி கோயிலுக்குப் போனோம். ஆட்டையும் பாத்திரங்களையும் எங்களையும் ஒரே குட்டியானையில் ஏற்றினார்கள். அந்தச் சின்ன லோடு வண்டிக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். கோயிலைச் சுற்றி உழுது போட்ட கரிசல், அதற்கப்பால் வேலிமரம். காற்று புழுதியை அள்ளி அடுப்பிலும் சோற்றிலும் போட்டது. பலகை போட்டு, அதன்மேல் மிதவைச் சட்டையை விரித்து, என்னை உட்கார வைத்தார்கள். சட்டையின் ஒரு பக்கத்தில் அம்மா தன் போனை வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள். மாமா குரலாவது இருக்கட்டும் என்று அவளுக்கு ஆசை.

"எப்பா, கேக்குதா?"

"கேக்குதுக்கா. இங்க இன்னும் காத்து வரல, கரையிலதான் இருக்கோம். மருமவளே, பயப்படாத. மாமா இருக்கேன்ல."

"எங்க இருக்கீங்க?" என்றேன் நான். கூட்டமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆசாரி வலது காதைக் குத்தினார். எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும் என்று சொல்லிவைத்திருந்தார்கள். எந்த எறும்பும் அப்படிக் கடித்ததில்லை. நான் போனையும் மிதவைச் சட்டையையும் தூக்கிக்கொண்டு ஓடிப்போய், வண்டியின் முன்பக்கம் ஏறிக் கண்ணாடியை ஏற்றி, இரண்டு பக்கமும் கதவைப் பூட்டிக்கொண்டேன். சாவி உள்ளேயே தொங்கியது. வெளியே அத்தை கண்ணாடியைத் தட்டினாள்.

"ஏட்டி, ஒத்தக் காதோட நிக்கப் போறியா? கதவத் தெறட்டி!"

"யம்மா, வெரசா பாருங்க. விளாத்திகுளத்துல எனக்கு இன்னும் நாலு காது கெடக்கு" என்று ஆசாரி வெற்றிலை மடித்தார்.

போனில் மாமா மட்டும் சத்தம் போடவில்லை.

"மருமவளே, ஒத்தக் காதோடவா பள்ளிக்கூடம் போவ?"

"போவேன். ஒங்களாலதான்னு எல்லாருட்டயும் சொல்லுவேன்."

"ஊருக்குச் சொல்லுதத எங்கிட்டச் சொல்லு தாயி. எம்மேல என்னென்ன கோவம் இருக்கோ அம்புட்டையும் சொல்லு. கேட்டுட்டு, நீ மத்தக் காதக் குத்துத வரைக்கும் போன வைக்க மாட்டேன். சத்தியம்."

சத்தியம் என்றதும் நான் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன். முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஒரு வயதில் எனக்கு மொட்டையை மட்டும் அடித்துக் காதை விட்டுவிட்டார்கள். அந்தப் போட்டோவில் நான் கிழவன் மாதிரி இருக்கிறேன். மாமா "ம்" என்றார். மூன்று வயதில் பந்தல் போட்டது வீணாகக் கூடாது என்று அத்தை மகளுக்குக் குத்திவிட்டார்கள். எனக்கு எடுத்த பட்டுப்பாவாடையையும் அவளுக்கே கட்டினார்கள். இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது போனுக்குள் பாம் என்று ஒரு சத்தம், நீளமாக. பின்னாலேயே யார் யாரோ இந்தியில் கத்தினார்கள், ஓடுகிற சத்தமும் கேட்டது.

"என்ன மாமா அது?"

"லாரி." ஓடுகிற சத்தம் தள்ளிப் போய்த் தேய்ந்தது. பிறகு, "நீ சொல்லு. அந்தப் பாவாடை என்ன கலர்?"

பச்சை, அரக்கு பார்டர். பாவாடையை முடித்துவிட்டு ஐந்து வயதுக்கு வந்தேன். எங்கள் மாமா டிவியில் வருவார் என்று வகுப்பு முழுக்கச் சொல்லியிருந்தேன். குத்துச்சண்டை காட்டினார்கள், பளு தூக்கினதைக் காட்டினார்கள், குதிரையைக்கூடக் காட்டினார்கள். படகைக் காட்டவே இல்லை. டீச்சர் என்னைப் பொய் சொல்கிறவள் என்று பெஞ்சில் ஏற்றினாள். எவ்வளவு நேரம் நின்றேன், யார் யார் சிரித்தார்கள் என்று ஒவ்வொரு பெயராகச் சொன்னேன். "ம்" என்றார். பிறகு ஏழு வயது. தங்கத்தோடு வந்தவரை டிராக்டரில் ஏற்றி ஊரைச் சுற்றினார்கள். ஆனால் அவர் வந்து சேர்ந்தபோது எனக்கு எட்டு பிறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. பத்தே நாள். அந்தப் பத்து நாளும் அவர் எங்கே இருந்தார், எதற்கு இருந்தார் என்று கேட்டேன். பதிலுக்குக் காத்திருந்து கேட்டேன். அவர் சொன்னார், டெல்லியில் வரவேற்பு என்று. அது எனக்குப் போதவில்லை, இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன்.

"அம்புட்டுத்தானா தாயி?"

"அம்புட்டுத்தான்."

"இப்ப வெளிய போ. நான் லைன்லதான் இருக்கேன்."

கதவைத் திறந்தேன். ஆசாரி துப்பிவிட்டு வந்தார். சட்டையை மறுபடியும் விரித்தார்கள், உட்கார்ந்தேன், பல்லைக் கடித்தேன். இடது காதில் கம்மல் ஏறி, ஆசாரி திருகாணியைத் திருகியதும் போன் பக்கம் குனிந்து, "மாமா, முடிஞ்சிட்டு" என்றேன். எடுத்துப் பார்த்தால் இணைப்பு அறுந்திருந்தது. நான் குலவைச் சத்தத்துக்கு மேலே கத்தினேன். "முடிஞ்சதும் வச்சிட்டாரு! ஒரு வார்த்தை கேக்கதுக்குள்ள என்ன அவசரம்?" அம்மா என் முதுகில் ஓர் அறை வைத்தாள். காது குத்திய அன்று அடி வாங்கிய பிள்ளை எங்கள் சொந்தத்தில் நான் ஒருத்திதான்.

அன்று சாயங்காலம் மாமா பேசினார். கடைசிப் பந்தயம் அன்றே நடந்து முடிந்துவிட்டதாம். அந்தச் சின்னப் பையன் போகிறானாம். "காத்து சரியா அமையலையாம்" என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள். நல்லது, இனிமேலாவது ஊரில் இருப்பார் என்று நினைத்தேன். ஆனாலும் ஒரு வருடம் அவரோடு பேசவில்லை. போனை நீட்டினால் ஓடிவிடுவேன்.

அதற்குப் பிறகு மாமா பெரிய பந்தயம் எதற்கும் போகவில்லை. சர்வீஸ் முடிந்து ஊருக்கு வந்தார். இப்போது கோவில்பட்டியில் ஒரு வங்கி வாசலில் துப்பாக்கியோடு நிற்கிறார். சலான் எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்கிறார்.

நான் ஊர் ஊராகப் போனேன். ஒரு வருடம் சென்னையில் ஒரு சமையல் காண்டிராக்டரிடம் இருந்தேன். துறைமுகத்துப் பக்கம் பாய்ப்படகுப் போட்டி நடந்தபோது சாப்பாடு எங்களுடையது. முதல் நாள் காற்றே இல்லை. பொறுத்திருக்கச் சொல்லிக் கரையில் ஒரு கொடி ஏற்றியிருந்தார்கள். படகுக்காரப் பிள்ளைகள் எல்லாம் எங்கள் பந்தலில் சப்புக்கொட்டிக்கொண்டு கிடந்தார்கள். மதியத்துக்கு மேல் கொடியை இறக்கி ஒரு ஹாரன் அடித்தார்கள், நீளமாக. பாதி தோசை தட்டில் கிடக்க, ஒரு நொடியில் பந்தல் காலி. கடைசியாக ஓடிய பெண் பிள்ளையிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டே, என்ன அவசரம் என்று கேட்டேன்.

"அடிச்சா அரை மணிதாங்க்கா. அதுக்குள்ள போட்டைத் தள்ளி, ரேஸ் ஆரம்பிக்கிற கோட்டுக்குப் போயிரணும். காத்து லேசா இருந்தா போய்ச் சேரவே அரை மணி ஆகும். விட்டா அவ்ளோதான்."

போன தீபாவளிக்கு மாமாவிடம் கேட்டேன். அன்றைக்குப் போனில் கேட்டது லாரியா?

"என்னைக்கு? லாரியாத்தான் இருக்கும். ஏரிக்கரை ரோட்டுல லாரி ஓடாதா? வேற சோலி இல்லையா ஒனக்கு?" என்று எரிந்து விழுந்துவிட்டு, முறுக்கை எடுத்துக் கடித்தார். அதற்கு மேல் அவரிடம் ஒன்றும் வாங்க முடியாது.

பூட்டிய வண்டிக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு இது எதுவும் தெரியாது. அந்தச் சத்தம் வந்தபோது அவள் மூன்று வயதில்தான் நின்றுகொண்டிருந்தாள். அதற்கு மேல் ஐந்து இருந்தது, ஏழு இருந்தது. இரண்டையும் அவள் நிறுத்தி, நிதானமாக, ஒன்றும் விடாமல் சொன்னாள்.